கூலியில்லாக் காவலர்கள் – 11: கரையான் புற்றில் கருநாகம்

கடந்த இரண்டு வாரங்களில் இரண்டு ஓட்டைகளின் கதையைப் பார்த்தோம். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ ஒன்று. 2021 டிசம்பரில் லாக்4ஜேயில் வெளிப்பட்ட ‘லாக்4ஷெல்’ இன்னொன்று. வங்கிகளும் அரசுகளும் பெரு நிறுவனங்களும் நம்பியிருந்த அந்த மென்பொருள்களை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் கவனித்துவந்தார்கள். அவர்களிலும் பலருக்குச் சம்பளம் கிடையாது. அங்கே நேர்ந்தவை கைத்தவறுகள். எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை.

இந்த வாரக் கதையில் கைத்தவறு இல்லை. இரண்டரை ஆண்டுகள் பொறுமையாகப் பின்னப்பட்ட வலை இது.

பின்லாந்தின் தனியாள்

லினக்ஸ் கணினிகளில் எக்ஸ்இஸட் என்றொரு சிறு மென்பொருள் உண்டு. கோப்புகளைச் சுருக்க வேண்டும், சுருக்கியதை விரிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ‘7-ஜிப்’ மென்பொருளை எழுதிய இகோர் பாவ்லோவின் சுருக்கல் முறையை லினக்ஸ் உலகுக்குக் கொண்டுவந்தது அதுதான். லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை இணையத்திலிருந்து இறக்கினால் எக்ஸ்இஸட் வடிவில் கிடைக்கும். டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளின் மென்பொருள் பொதிகள் அதே முறையில் சுருக்கப்பட்டவை. அது இல்லாத லினக்ஸ் சர்வரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இதை எழுதிப் பராமரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸே காலின். எக்ஸ்இஸட் வடிவம் 2009இல் வெளியானது. அதற்கு முன்பிருந்தே இந்த வேலையில் இருந்த அவர், அதன் பிறகும் பல ஆண்டுகள் ஏறத்தாழத் தனியாளாக அதைத் தாங்கிவந்தார். புகார் வந்தால் பதில் சொல்வதும், யாராவது திருத்தம் அனுப்பினால் சரிபார்ப்பதும், புதிய பதிப்பை வெளியிடுவதும் அவரே. இதற்காக அவருக்கு யாரும் ஊதியம் தரவில்லை.

2021 அக்டோபர் இறுதியில், எக்ஸ்இஸட் நிரலாளர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு ஜியா டான் என்ற பெயரில் ஒரு திருத்தம் வந்தது. எந்த எடிட்டரில் திறந்தாலும் நிரலின் வரிகள் ஒரே ஒழுங்கில் தெரிவதற்கான சிறு கோப்பு. ஆபத்தில்லாத, கொஞ்சம் உதவியான வேலை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அந்தப் பெயரின் கணக்கு அதே ஆண்டு ஜனவரியில்தான் தொடங்கப்பட்டிருந்தது.

பிறகு இன்னொரு திருத்தம் வந்தது. பிறகு மற்றொன்று. எல்லாமே ஒழுங்கானவை. மொழி பணிவானது. திறமூல உலகில் புதியவர்கள் நுழைவது இப்படித்தான். யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. நிரல் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். லினக்ஸே அப்படித்தான் வளர்ந்தது.

மூன்று பெயர்கள்

2022 ஏப்ரலில் ஜியா டான் மீண்டும் ஒரு திருத்தம் அனுப்பினார். சில நாட்களில் ஜிகர் குமார் என்ற பெயரில் ஒருவர் குழுவில் தோன்றினார். திருத்தங்கள் வருடக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன, இந்த மென்பொருளுக்குக் கதி என்ன என்று சலித்துக்கொண்டார். மே மாதம் டென்னிஸ் என்ஸ் என்று இன்னொருவர் வந்தார். எக்ஸ்இஸட்டின் ஜாவா வடிவத்தை இன்னும் யாராவது கவனிக்கிறார்களா என்று விசாரித்தார். இந்த இருவரும் இதற்கு முன்போ பின்போ திறமூல உலகில் வேறெங்கும் நடமாடிய தடயமே கிடைக்கவில்லை. இது தெரியவந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து. அன்றைக்கு அவர்கள் பொறுமையிழந்த பயனர்கள், அவ்வளவே.

2022 ஜூன் 8 அன்று லாஸே காலின் பதில் எழுதினார். இந்தக் கதையின் திருப்புமுனை அந்தக் கடிதம்தான்.

தனக்கு ஆர்வம் போய்விடவில்லை. நீண்ட நாளாக இருக்கும் மனநலச் சிக்கல்களாலும் வேறு சில காரணங்களாலும்தான் முன்போல் கவனிக்க முடியவில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். ஜியா டான் திரைமறைவில் கொஞ்சம் உதவுகிறார், எதிர்காலத்தில் அவருக்குப் பெரிய பொறுப்பு கிடைக்கலாம் என்றும் எழுதினார். கடைசியாக ஒன்றை நினைவூட்டினார்: இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை.

ஒரு மனிதர் தன் நோவைப் பொதுவில் சொன்னால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் அடங்குவார். இங்கே நடந்தது நேர்மாறு. புதிய பராமரிப்பாளர் வராதவரை எதுவும் நகராது என்று குமார் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த அழுத்தத்தை அவர் கூட்டினார். என்ஸ் இன்னும் நயமாகக் குத்தினார். உங்கள் மனநலச் சிக்கல்கள் குறித்து வருத்தம்தான், ஆனால் அவரவர் எல்லையை அவரவர் அறிந்திருப்பது நல்லது, சமூகம் இன்னும் எதிர்பார்க்கிறது என்ற தொனியில் எழுதி, பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கலாமே என்று யோசனை சொன்னார்.

பொறுப்பு யாரிடம் போக வேண்டும் என்று அவர் பெயர் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. வேலை செய்யத் தயாராகப் பக்கத்தில் நின்றவர் ஒருவர்தான்.

ஜூன் மாதக் கடைசியில் லாஸே காலின் எழுதினார்: ஜியா டான் நடைமுறையில் இப்போதே இணைப் பராமரிப்பாளர் மாதிரிதான்.

ஹேக்கர் என்றாலே பாஸ்வேர்டை உடைப்பவர் என்று நாம் நினைக்கிறோம். இங்கே எந்தப் பூட்டும் உடையவில்லை. களைத்துப்போன ஒருவர், தானாகவே, நன்றியோடு, சாவியை எடுத்து நீட்டினார். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது.

சாவி கைக்கு வந்த பிறகு

2023 தொடக்கத்தில் ஜியா டானுக்கு நிரலை நேரடியாக மாற்றும் உரிமை வந்துவிட்டது. மார்ச்சில் அவரே ஒரு பதிப்பை வெளியிட்டார்.

அதே காலத்தில் நடந்த சின்னச் சின்ன மாற்றங்கள் அப்போது யார் கண்ணையும் உறுத்தவில்லை. திறமூல மென்பொருள்களைத் தானியங்கியாகச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் திட்டம் ஒன்றைக் கூகுள் நடத்துகிறது, பெயர் ஓஎஸ்எஸ்-ஃபஸ். அதில் எக்ஸ்இஸட்டுக்கான முதன்மைத் தொடர்பு முகவரி ஜியா டானுடையதாக மாறியது. ஜூனில் ஹான்ஸ் ஜான்சன் என்ற புதிய பெயரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. நிரலின் ஒரு வேலையை எந்தச் செயற்கூறு செய்வது என்பதை அந்த நிரல் இயங்கத் தொடங்கும்போது தீர்மானிக்கும் ‘ஐஃபங்க்’ என்ற வசதியை எக்ஸ்இஸட்டுக்குள் அது நுழைத்தது. வேகத்துக்காக என்று காரணம் சொல்லப்பட்டது. ஜூலையில் ஜியா டான் கூகுளின் சோதனைத் திட்டத்திடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்: எக்ஸ்இஸட்டைச் சோதிக்கும்போது அந்த ஐஃபங்க் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டார்கள். பராமரிப்பாளரே கேட்கும்போது மறுக்க என்ன காரணம் இருக்கிறது?

காவல் நாய்க்கு முன்கூட்டியே பிஸ்கெட் போட்டாயிற்று.

இலக்கு எக்ஸ்இஸட் அல்ல. தொலைதூரத்தில் இருக்கும் சர்வருக்குள் நிர்வாகிகள் லாகின் செய்யப் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற மென்பொருள்தான் குறி. உலகின் சர்வர்களில் மிகப் பெரும்பான்மைக்கு அதுதான் தலைவாசல். அதை எழுதும் ஓபன்பிஎஸ்டி குழுவினர் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள். அங்கே நேராக நுழைவது நடக்காத காரியம்.

ஆனால் சுற்றுவழி இருந்தது. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள், ஓபன்எஸ்எஸ்ஹெச் இயங்கத் தொடங்கியதும் அதை ‘சிஸ்டம்டி’ என்ற நிர்வாக மென்பொருளுக்குத் தெரிவிப்பதற்காகச் சிறு ஒட்டு ஒன்றைப் போட்டிருந்தன. அந்த ஒட்டு சிஸ்டம்டியின் நூலகத்தை இழுத்து வரும். அந்த நூலகம் எக்ஸ்இஸட்டின் நூலகத்தை இழுத்து வரும். ஓபன்எஸ்எஸ்ஹெச்சை எழுதியவர்கள் எக்ஸ்இஸட்டை அழைக்கவே இல்லை. ஆனாலும் டெபியன் சர்வர் ஒன்றில் இரண்டும் ஒரே அறைக்குள் வந்து உட்கார்ந்தன. இந்தச் சங்கிலியைக் கண்டறிந்து, அதன் கடைசிக் கண்ணியில் ஊதியமில்லாத ஒற்றை மனிதர் இருக்கிறார் என்றும் தெரிந்துவைத்திருந்தவரின் மூளை சாதாரணமானதல்ல. அதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்.

குப்பைக்குள் ஒளித்தது

2024 பிப்ரவரி 23. எக்ஸ்இஸட்டின் சோதனைக் கோப்புகளோடு சில புதிய கோப்புகள் சேர்ந்தன. சுருக்கும் மென்பொருளைச் சோதிக்க, வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட கோப்புகள் வைத்திருப்பது வழக்கம். திறந்து பார்த்தால் குப்பையாகத்தான் தெரியும், தெரியவும் வேண்டும். விஷத்தை ஒளிக்க இதைவிட வசதியான இடம் உண்டா?

மறுநாள், பிப்ரவரி 24 அன்று, 5.6.0 பதிப்பு வெளியானது.

இங்கே ஒரு நுணுக்கம். திறமூல மென்பொருளின் நிரலை எல்லோரும் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் லினக்ஸ் தொகுப்புகள் பல, பராமரிப்பாளர் தனியாகக் கட்டி வெளியிடும் பொதியைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தக் கோப்புகளில் ஒளிந்திருந்ததை எழுப்பும் சில வரிகள் பொதியில் மட்டுமே இருந்தன. எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு வாசலை.

எழுந்த விஷமும் அவசரப்படவில்லை. 64-பிட் இன்டெல் வகைக் கணினியா, லினக்ஸா, டெபியன் அல்லது ரெட்ஹேட் வகைப் பொதியாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளும். எல்லாம் பொருந்தினால் மட்டுமே நூலகத்துக்குள் இறங்கும். பின்னர் சர்வர் இயங்கும்போது, ஐஃபங்க் வழியாக நுழைந்து, லாகின் செய்பவரின் சாவியைச் சரிபார்க்கும் செயற்கூறைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். அதன் பிறகு குறிப்பிட்ட ஒரு ரகசியச் சாவி வைத்திருப்பவர் வந்து தட்டினால், பாஸ்வேர்டு தேவையில்லை. அவர் சொல்லும் கட்டளை சர்வரில் அப்படியே நிறைவேறும். சாவி இல்லாத வேறு யார் தட்டினாலும் கதவு இருப்பதே தெரியாது.

கணக்கு கிட்டத்தட்டச் சரியாக முடிந்தது. ஆனால் ஒரு சிறு பிசிறு. 5.6.0ஐப் பயன்படுத்தியவர்களுக்கு, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் ‘வால்கிரைண்ட்’ கருவி முறையீடுகளைக் காட்டியது. ஜியா டான் பதறவில்லை. பழியைக் கம்பைலரின் மீது போட்டு, மார்ச் 9 அன்று 5.6.1ஐ வெளியிட்டார். ரெட்ஹேட்டில் ஃபெடோராவுக்காக வேலை செய்த ஒருவர், அந்த முறையீட்டைத் தீர்க்க ஜியா டானோடு நல்லெண்ணத்தில் சேர்ந்தே உழைத்ததாகப் பின்னர் சொன்னார்.

பதறாவிட்டாலும், புதிய பதிப்பைச் சீக்கிரம் பரப்பும் அவசரம் தெரிந்தது. அதற்குக் காரணம் இருந்திருக்கலாம். சிஸ்டம்டியை எழுதுபவர்கள், சுருக்கும் நூலகங்களை எப்போதும் இழுத்து வராமல் தேவைப்படும்போது மட்டும் அழைக்கும் ஏற்பாட்டுக்கு அப்போது மாறிக்கொண்டிருந்தார்கள். அது புழக்கத்துக்கு வந்தால் சங்கிலி அறுந்துவிடும். மார்ச் இறுதியில் ஹான்ஸ் ஜான்சன் மறுபடி தோன்றி, புதிய பதிப்பைச் சேர்க்கும்படி டெபியனைக் கேட்டார். இன்னொரு லினக்ஸ் தொகுப்பான உபுண்டுவை ஜியா டான் கேட்டார். ஏப்ரலில் உபுண்டு 24.04 வெளிவர இருந்தது. பல ஆண்டுகள் ஆதரவு தரப்படும் பதிப்பு அது. உள்ளே போய்விட்டால், லட்சக்கணக்கான சர்வர்கள் என்பதுகூடக் குறைவான மதிப்பீடுதான்.

அதே மார்ச்சில், லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் எக்ஸ்இஸட் பகுதிக்கும் ஜியா டானைப் பராமரிப்பாளர்களில் ஒருவராகச் சேர்க்கலாம் என்று லாஸே காலினே முன்மொழிந்திருந்தார். நம்பிக்கை அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

அரை விநாடி

சான் பிரான்சிஸ்கோவில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற ஜெர்மானியர் இருந்தார். மைக்ரோசாஃப்ட்டில் வேலை, போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற திறமூல டேட்டாபேஸின் முக்கிய நிரலாளர்களில் ஒருவர். பாதுகாப்பு ஆராய்ச்சி அவருடைய துறை இல்லை. இதை அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் அந்த மார்ச்சில் டேட்டாபேஸின் வேகத்தை நுணுக்கமாக அளந்துகொண்டிருந்தார். அதற்குக் கணினி அமைதியாக இருக்க வேண்டும். பின்னணியில் எதுவும் ஓடக் கூடாது. ஆனால் எஸ்எஸ்ஹெச் லாகினைக் கவனிக்கும் நிரல் அடிக்கடி சிபியுவைத் தின்றுகொண்டிருந்தது. இணையத்தில் இருக்கும் எந்தச் சர்வரையும் யாரோ எவரோ தவறான பெயர்களில் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். அது புதிதில்லை. தப்பான பெயர் என்றால் உடனே விரட்டிவிட வேண்டியதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு உழைப்பு?

நேரத்தை அளந்து பார்த்தார். சுமார் 0.3 விநாடியில் முடிந்துகொண்டிருந்த லாகின், இப்போது சுமார் 0.8 விநாடி எடுத்தது.

வித்தியாசம் அரை விநாடி. ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் இந்த இடத்தில் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். கணினிதானே, சில நாள் மெதுவாக இருக்கும்.

அவர் போகவில்லை. எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று ஆராய்ந்தார். எக்ஸ்இஸட்டின் நூலகத்தைக் காட்டியது கருவி. ஆனால் நூலகத்தின் எந்தச் செயற்கூறு என்று பெயர் சொல்ல அதனால் முடியவில்லை. லாகின் செய்யும் மென்பொருளுக்குள் கோப்பு சுருக்கும் நூலகம் என்ன வேலை பார்க்கிறது? அதுவும் பெயரில்லாமல்?

அப்போது அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சில வாரங்களுக்கு முன், மென்பொருள்களைப் புதுப்பித்த பிறகு, போஸ்ட்கிரெஸ்ஸின் தானியங்கிச் சோதனையில் வால்கிரைண்ட் காட்டிய விசித்திரமான முறையீடு. அன்றைக்கு அதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. இப்போது இரண்டும் ஒரு புள்ளியில் சேர்ந்தன.

முதலில் டெபியனின் பொதியை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். தோண்டினார். டெபியனைத் தாண்டி, ஊற்றுக்கண்ணிலேயே நஞ்சு கலந்திருந்தது தெரிந்தது.

பெரிய வெள்ளி

டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கும் மற்ற லினக்ஸ் தொகுப்புகளுக்கும் முதலில் ரகசியமாகத் தகவல் போனது. 2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. மேலை நாடுகள் ஈஸ்டர் விடுமுறைக்குள் போய்க்கொண்டிருந்த அன்று, ஃப்ராயிண்ட்டின் கடிதம் பொதுவெளிக்கு வந்தது. தான் கண்டது, கண்ட விதம், இன்னும் புரியாதது எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்.

விடுமுறை போயிற்று. சிவிஇ-2024-3094 என்று எண் கொடுத்து, தீவிரத்துக்கு 10க்கு 10 மதிப்பெண் போட்டார்கள். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு பழைய பதிப்புக்குத் திரும்பும்படி எச்சரித்தது. டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகள், ஓபன்சூஸே டம்பிள்வீட், காலி லினக்ஸ் எல்லாம் பின்வாங்கின. உபுண்டு தன் பீட்டா வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்து, பொதிகளை முதலிலிருந்து மறுபடி கட்டியது. வங்கிகளிலும் அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருந்த நிலைப்பதிப்புகளுக்கு நூலகத்தின் அந்த நஞ்சு கலந்த பதிப்பு இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. சில வாரங்கள் பிந்தியிருந்தால் போயிருக்கும்.

கிட்ஹப் எக்ஸ்இஸட்டின் களஞ்சியத்தை மூடியது. ஜியா டானின் கணக்கையும், கூடவே லாஸே காலினின் கணக்கையும் முடக்கியது. ஆதாரத்தை ஆராயவேண்டியவர்களுக்கும் அதனால் கதவு சாத்தப்பட்டது. அவசரத்தில் எடுத்த முடிவு. எனக்கு அது சரியாகப் படவில்லை. விடுப்பில் இருந்த காலின் திரும்பி வந்து, தன் தளத்தில் சுருக்கமாக ஒரு குறிப்பு போட்டார். நஞ்சு கலந்த பொதிகளைக் கட்டிக் கையெழுத்திட்டது ஜியா டான் என்று அதில் சொன்னார். பின்னர் கணக்கு திரும்பக் கிடைத்ததும், குறைசொல்லி நேரத்தைக் கழிக்காமல் ஒவ்வொரு மாற்றமாகச் சரிபார்த்து, மே 29 அன்று 5.6.2ஐ வெளியிட்டார். இரண்டு ஆண்டுக்கு முன் அவரை விரட்டி விரட்டிக் கடிதம் எழுதியவர்கள் யாரும் அப்போது நன்றி சொல்ல வரவில்லை.

ஃப்ராயிண்ட்டின் ஆர்வத்தை மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்ய நாதெள்ளா பொதுவில் பாராட்டினார். பாராட்டு நியாயமானது. ஆனால் உலகின் சர்வர்களின் பாதுகாப்பு ஒரு டேட்டாபேஸ் நிரலாளரின் பிடிவாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது பெருமைப்படும்படியான செய்தி இல்லை.

யார் அது?

ஜியா டான் அன்றோடு மறைந்தார். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, மறுப்பு இல்லை.

விட்டுச்சென்ற தடயங்களை நிபுணர்கள் சல்லடை போட்டுத் தேடினார்கள். நிரல் மாற்றங்களில் பதிவாகும் நேரக்குறிப்பில் பெரும்பாலும் கிழக்காசியாவின் நேரம் இருந்தது. ஆனால் ஒருசில இடங்களில் கிழக்கு ஐரோப்பாவின் நேரம் எட்டிப் பார்த்தது. சீனப் புத்தாண்டு விடுமுறை நாட்களில் அவர் வேலை செய்திருக்கிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓய்வெடுத்திருக்கிறார். வேலை நேரமோ அலுவலக நேரம் போலவே இருந்தது. பெயர் ஆசியப் பெயராக இருப்பதால் ஆளும் ஆசியர் என்று முடிவுகட்டச் சொல்லித்தான் அந்தப் பெயரே வைக்கப்பட்டதோ?

இவ்வளவு பொறுமைக்கும் இவ்வளவு நுணுக்கத்துக்கும் பின்னால் ஒரு நாட்டின் உளவு அமைப்பு இருக்க வேண்டும் என்பது பல நிபுணர்களின் ஊகம். எந்த நாடு என்பதில் ஆளுக்கொரு கருத்து. எந்த அரசும் யாரையும் குற்றவாளி என்று பகிரங்கமாக அறிவிக்கவில்லை. யாரும் கைதாகவில்லை.

ஏப்ரல் 15 அன்று இன்னொரு செய்தி வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மென்பொருள்களைப் பேணும் ஓபன்ஜேஎஸ் அறக்கட்டளை ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தங்களுக்கும் சில சந்தேகமான கடிதங்கள் வந்தன. அவசரமாகத் திருத்தம் வேண்டும், அதற்காகத் தங்களைப் பராமரிப்பாளராகச் சேர்க்க வேண்டும் என்று அதிகம் அறிமுகமில்லாத பெயர்கள் நெருக்கின என்றது. அங்கே யாரும் சாவியைக் கொடுக்கவில்லை.

அப்படியானால் எக்ஸ்இஸட் முதல் முயற்சியா? அல்லது முதன்முதலில் பிடிபட்டது மட்டும்தானா? அரை விநாடி தாமதம் ஏற்படுத்தாத அளவுக்குக் கவனமாக எழுதப்பட்ட இன்னொரு கதவு, இந்நேரம் எங்காவது திறந்து கிடக்கிறதா?

(தொடரும்)